புகையும் நகரசபையும்: டைட்டஸ் சால்ட்டின் பொதுவாழ்வில் ஒரு திருப்பம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஏர் ஆற்றங்கரையில் சால்டேர் என்றோர் ஊர் இருக்கிறது. கட்டியவரின் குடும்பப் பெயரான சால்ட்டையும் ஆற்றின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. 2001இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இந்த ஊரின் கதையை ஆலை திறக்கப்பட்ட 1853இல் தொடங்குவதுதான் வழக்கம். என் பார்வையில், டைட்டஸ் சால்ட் பிராட்ஃபோர்ட் நகரின் மேயராக இருந்த 1848–49இல்தான் அதைத் தொடங்க வேண்டும். நகரசபையில் அவரால் முடியாமல் போனது என்ன என்று தெரிந்தால்தான் சால்டேர் ஏன் எழுந்தது என்பது விளங்கும்.

சால்ட் 1803 செப்டம்பர் 20 அன்று லீட்ஸுக்கு அருகிலுள்ள மார்லியில் பிறந்தார். குடும்பம் 1822இல் பிராட்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை டேனியல் அங்கே கம்பளி வணிகத்தில் இறங்க, மகனும் கூட்டாளியானார். ரஷ்யாவின் டான் ஆற்றுப் பகுதியிலிருந்து வந்த சிக்குப் பிடித்த முரட்டுக் கம்பளியை நூற்க முடியாது என்று உள்ளூர் ஆலைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். சால்ட் தாமே இயந்திரம் வைத்து நூற்றுக் காட்டினார். வணிகர் ஆலைக்காரரானது இப்படித்தான்.

அவருக்குப் பெருஞ்செல்வம் தந்தது அல்பாகா. தென் அமெரிக்காவின் பெரு நாட்டு மலைகளில் மேயும் அந்த விலங்கின் மயிர், 1836 வாக்கில் லிவர்பூல் கிடங்கொன்றில் வாங்குவாரற்ற மூட்டைகளாகக் கிடந்தது. சால்ட்டுக்கு முன்பே சிலர் அதில் துணி நெய்து பார்த்திருந்தாலும், விற்கும்படியான விலையில் அவர்களால் தர முடியவில்லை. பருத்திப் பாவில் அல்பாகா ஊடையைக் கோத்து, பட்டுக்கு நிகரான மினுமினுப்புள்ள துணியை மலிவாக நெய்யும் வழியைச் சால்ட் கண்டுபிடித்தார். விக்டோரியா அரசியார் வின்ட்சர் பூங்காவில் வளர்த்த அல்பாகாக்களின் மயிரையே அவரிடம் அனுப்பித் துணி நெய்து வாங்கினார். நம் ஊர் வக்கீல்கள் ஒருகாலத்தில் அணிந்த அல்பாகா கோட்டும் இந்த வகைத் துணிதான். லிவர்பூல் மூட்டைகளின் கதையை, சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்’ இதழ் 1852இல் வேடிக்கையாகப் புனைந்து வெளியிட்டது.

செல்வம் சேர்ந்த அதே ஆண்டுகளில் நகரம் சீரழிந்துகொண்டிருந்தது. 1801இல் சுமார் 13 ஆயிரமாக இருந்த பிராட்ஃபோர்டின் மக்கள்தொகை 1851இல் 1 லட்சத்தைத் தாண்டியது. சாக்கடைகள் ஓடையில் கலந்தன, அந்த ஓடைநீர் கால்வாயில் சேர்ந்தது, நூற்றுக்கணக்கான புகைபோக்கிகள் வானத்தை மறைத்தன. 1847இல்தான் ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபை கிடைத்தது. அதன் இரண்டாவது மேயர் சால்ட். அவர் பதவியில் இருந்த 1849ஆம் ஆண்டில் காலரா பரவி 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

புகையைப் பொறுத்தவரை சால்ட் கையில் ஒரு தீர்வு இருந்தது. ராடா என்ற பெயரால் அறியப்பட்ட, புகையை எரித்துக் குறைக்கும் உலையை அவர் தம் ஆலைகளில் ஏற்கெனவே பொருத்தியிருந்தார். எல்லா ஆலைகளுக்கும் அதைக் கட்டாயமாக்க நகரசபையை இணங்கவைக்கப் பாடுபட்டார். மற்ற ஆலை முதலாளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தலைமை வகித்த சபையிலேயே அவர் சொல் எடுபடவில்லை. இந்தத் தோல்வியைப் பலரும் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கோ அவருடைய பொதுவாழ்வின் திருப்பமே இதுதான் என்று படுகிறது.

ஐம்பது வயதில் தொழிலைவிட்டு நிலபுலன்களோடு ஓய்ந்துவிடத்தான் அவர் எண்ணியிருந்தார். அந்த ஐம்பதாவது பிறந்தநாளில், 1853 செப்டம்பர் 20 அன்று, சால்டேரில் புதிய ஆலையைத் திறந்துவைத்தார். நகரில் ஐந்து இடங்களில் சிதறிக்கிடந்த ஆலைகளை ஒன்றாக்கும் தொழில் கணக்கும், கால்வாயும் ரயில்பாதையும் அருகருகே ஓடிய வசதியும் அந்த இடத்தைத் தேர்ந்ததில் இருந்தன. அதோடு, ஏற்கெனவே நெரிசலில் திணறும் பிராட்ஃபோர்டில் மேலும் ஆட்களைக் குவிக்க மாட்டேன் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். லாக்வுட், மாசன் என்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த ஆலையின் முகப்பு 545 அடி நீளம். இயந்திரங்களைச் சுழற்றும் தண்டுகளைப் பெரும்பாலும் தரைக்கடியில் பதித்ததால் இரைச்சலும் விபத்தும் குறைந்தன. புகை எரிக்கும் உலைகள் முதல்நாளிலிருந்தே இருந்தன. நகரசபை மறுத்த சட்டம் இங்கே ஒரு முதலாளியின் உத்தரவாக நிறைவேறியது.

அடுத்த இருபது ஆண்டுகளில் 800க்கும் மேற்பட்ட கல்வீடுகள் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கழிப்பறை, குழாய்நீர், எரிவாயு விளக்கு. 1859இல் தேவாலயமும், 1860களில் குளியலறைகளோடு துணி வெளுக்கும் கூடமும், பள்ளியும், மருத்துவமனையும், முதியோருக்கு வாடகையில்லா 45 வீடுகளும், 1871இல் நூலகமும் அரங்கமும் கொண்ட மன்றமும், ஆற்றுக்கு அப்பால் 14 ஏக்கர் பூங்காவும் வந்தன. தெருக்களுக்கு மனைவி கரோலின் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் சூட்டப்பட்டன.

ஊரில் இல்லாதவையும் கவனிக்கத்தக்கவை. மதுக்கடை இல்லை. அடகுக்கடை இல்லை. குடியிருப்போர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊர்மன்றமும் இல்லை. வேலை, வீடு, பள்ளி, மருத்துவம் எல்லாம் ஒரே கையிலிருந்து வந்ததால், அந்தக் கையை எதிர்த்துப் பேசத் தொழிலாளிக்கு இடமே இல்லாமல் போயிற்று. பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளைகள் பாதிநாள் ஆலையிலும் பாதிநாள் பள்ளியிலுமாக வளர்ந்தார்கள். அன்றைய சட்டம் அதை அனுமதித்தது, சால்ட்டும் அதை மாற்றவில்லை. இதைச் சொல்வதால் அவருடைய கொடை சிறுத்துவிடாது. பிராட்ஃபோர்டின் நிலவறைகளில் வாழ்ந்தவர்களுக்குச் சுத்தமான நீரும் காற்றோட்டமான அறையும் எவ்வளவு பெரிய வரம் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த வரத்தில் குடிமக்களின் குரல் கலந்திருக்கவில்லை.

1859இல் பிராட்ஃபோர்டின் நாடாளுமன்ற உறுப்பினரானவர் இரண்டே ஆண்டில் விலகினார். பேச்சுமன்றம் அவர் இயல்புக்கு ஒத்துவரவில்லை. 1869இல் பாரோனெட் பட்டம் வந்தது. 1874இல், அவர் வாழும்போதே, பிராட்ஃபோர்ட் நகரமன்றத்தின் எதிரில் சிலை எழுந்தது. 1876 டிசம்பர் 29 அன்று அவர் காலமானார். இறுதி ஊர்வலத்தைக் காண 1 லட்சம் பேர் வழிநெடுக நின்றதாகக் கணக்கிட்டார்கள். வாழ்நாளில் அவர் வழங்கிய கொடை 5 லட்சம் பவுண்டு வரை இருக்கும் என்பது பரவலான மதிப்பீடு.

அவர் மறைந்து பதினாறு ஆண்டுகளுக்குள் நிறுவனம் நொடித்தது. ஆலையும் ஊரும் விலைபோயின. வாங்கியவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் ராபர்ட்ஸ், ஆற்றோரத்துப் பூங்காவை 1920இல் பொதுச்சொத்தாக ஒப்படைத்தார். அதைப் பெற்றுக்கொண்டது, எழுபது ஆண்டுகளுக்கு முன் சால்ட் மேயராக அமர்ந்திருந்த அதே பிராட்ஃபோர்ட் நகரசபை.