பற்றுவாய்

துப்பாக்கிகளின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், குழலின் நீளத்தைப் பற்றியும், அதன் உட்புறத்தில் வெட்டப்பட்ட சுரிப்பள்ளங்களைப் பற்றியும், பிடிக்கட்டையில் பதித்த பித்தளை வேலைப்பாடுகளைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். குழலின் அடியில், பக்கவாட்டில், கோணியூசி நுழையும் அளவுக்கு மட்டும் இடப்பட்டிருந்த பற்றுவாய் என்னும் துளைக்கு அவர்களிற் பலர் இரண்டொரு வாக்கியங்களுக்கு மேல் இடம் தருவதில்லை. ஆயினும் சக்கிமுக்கித் துப்பாக்கி உலகில் வழங்கிய இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலமெல்லாம், வேட்டைக்காரனுடைய ஆகாரமும் போர்வீரனுடைய உயிரும் அந்தத் துளையின் அளவையும், அதற்குப் பின்னால் கெட்டிக்கப்பட்ட மருந்தின் அளவையும் நம்பியே இருந்தன.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சு தேசத்து நார்மண்டியில் லிசியூ என்ற ஊரைச் சேர்ந்த மாரேன் லெ பூர்ஷ்வா என்பவர் செம்மைப்படுத்தியதாகச் சொல்லப்படும் அந்த யந்திரத்தின் செயல் இதுதான்: விசையை இழுத்தவுடன், சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வி நிற்கும் குதிரை முன்னோக்கிப் பாய்ந்து, எஃகுத் தகட்டை உராய்ந்து தள்ளும், தகடு பின்வாங்க, அதன் கீழ் மூடியிருந்த கிண்ணம் திறந்து, அதில் கிடக்கும் ஒரு சிட்டிகை மருந்தின்மேல் பொறிகள் விழும், கிண்ணத்தில் எழுந்த ஜுவாலை பற்றுவாயின் வழியே உள்ளே புகுந்து, குழலுக்குள் இருக்கும் மருந்தைக் கொளுத்தும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். கிண்ணத்து மருந்து மட்டும் எரிந்து, தீ உள்ளே செல்லாமற் போனால், வேடனுடைய முகத்துக்கு எதிரே ஒளியும் புகையும் எழுமேயன்றி, ரவை இருந்த இடத்திலேயே இருக்கும்; மானோ அப்போதே மறைந்துவிட்டிருக்கும்.

துளையை எவ்வளவு பெரிதாக இடுவது என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. சிறிதாக இட்டால் தீ நுழைவது அரிது. அதோடு, கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் புகையாகப் போகாமல் திடமான கசடாகத் தங்கிவிடும் சுபாவம் உடையதாதலால், சில வேட்டுகளுக்குள் அந்தச் சிறு துளை அடைபட்டும் போகும். பெரிதாக இட்டால் தீ தடையின்றி நுழையும் என்பது உண்மையே. ஆனால் உள்ளே நுழைந்த தீ அதே வழியாக வெளியேறவும் செய்யும். குறுக்களவை இரட்டித்தால் துளையின் பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. ரவையை உந்த வேண்டிய வாயு அந்த அளவுக்குப் பக்கவாட்டில் பீறிட்டு, அருகில் நிற்பவன் கன்னத்தைச் சுட்டு, வீணாகிறது. போதாதென்று, கொதிக்கும் வாயு ஒவ்வொரு வேட்டின்போதும் இரும்பை அரித்து, இன்று சரியாக இருந்த துளையைப் பல நூறு வேட்டுகளுக்குப்பின் அகலமாக்கிவிடுகிறது. ஆகவே தேர்ந்த கம்மியர்கள் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கை ஒட்டியே துளையிட்டு, அதைச் சுற்றிலும் அரத்தின் நுனியளவுகூட மிகாமல் காத்தார்கள்.

இந்தச் சூக்ஷ்மம் எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதை நன்கு உணர்ந்தவர்கள் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து லங்காஸ்டர் வட்டாரத்துக் கம்மியர்கள். ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் 18-ஆம் நூற்றாண்டில் குடியேறிய இவர்கள், தங்கள் தாய்நாட்டு வேட்டைத் துப்பாக்கியின் குட்டையான, வாயகன்ற குழலைக் கைவிட்டு, நாற்பது அங்குலத்துக்கு மேலும் நீண்ட, குறுகிய வாயுள்ள சுரிகுழல் ரைபிளை உருவாக்கினார்கள். காரணம் காட்டிலேதான் இருந்தது. ஈயமும் மருந்தும் மலைகளைக் கடந்து குதிரைமேல் வர வேண்டியவை. ஒரு பவுண்டு ஈயத்தில் ஏறக்குறைய ஐம்பது ரவைகளை வார்க்கும்படி குழல்வாயைக் குறுக்கினால், ஒரு குளிர்காலத்துக்குரிய வேட்டை சிறு பையில் அடங்கிவிடும். அப்படிச் சிக்கனத்துக்கென்றே பிறந்த ஆயுதத்தில் பற்றுவாய் வழியாக மருந்தின் வலிமை கசிவதை எந்தக் கம்மியன் பொறுப்பான்?

மருந்தின் அருமையை அந்த நாட்டுக்கு யுத்தம் இன்னும் கடுமையாகப் போதித்தது. வெடியுப்பு முக்கால் பங்கும், கரியும் கந்தகமும் மீதிக் காற்பங்குமாகச் சேர்வது கருமருந்து. உலகத்தின் சிறந்த வெடியுப்பு விளைந்த பீகாரின் வியாபாரம் 1758 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாக இருந்ததால், பிரிட்டனுக்கு மருந்துப் பஞ்சமே இல்லை. அதனை எதிர்த்து எழுந்த குடியேற்ற நாடுகளோ, 1775 ஜூனில் ரைபிள் ஏந்திய பத்துக் கம்பெனி வீரர்களைத் திரட்டக் கட்டளையிட்டும், அதே ஆண்டு ஆகஸ்டில் பாஸ்டனைச் சுற்றி முகாமிட்டிருந்த வாஷிங்டனுடைய சேனையில் ஆளுக்கு ஒன்பது வேட்டுக்கு மேல் மருந்து இல்லை என்று கண்டு திகைத்தன. பிரான்சிலிருந்து மருந்து வந்து சேர்ந்திராவிட்டால் அந்தச் சுதந்திர யுத்தத்தின் போக்கே வேறாகியிருக்கும்.

இனி, கெட்டிக்கும் முறையைக் கவனிப்போம்; இதில் வேடனும் சிப்பாயும் இரு துருவங்கள். வேடன் கொம்புக் குப்பியிலிருந்து மருந்தைக் கலைமான் கொம்பில் குடைந்த சிறு அளவைக்குள் வார்த்து, அந்த அளவை மாறாமல் குழலில் கொட்டுவான். கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ரவையைப் பொதிந்து, சலாகையால் மருந்தின்மேல் போய் அமரும்வரை தள்ளுவான். நடுவில் இடைவெளி விழுந்தால் குழலே பிளந்துபோகக்கூடும் என்பது அவனுக்குத் தெரியும். கடைசியில்தான் கிண்ணத்துக்கு வருவான். அங்கே நேர்த்தியாகப் பொடித்த மருந்தைக் கொஞ்சமாக இட்டு, துளையின் வாய் மூடப்படாதபடி பார்த்துக்கொள்வது பழகியவர்களின் வழக்கம். துளைக்குள் மருந்து அடைந்துகிடந்தால் தீ பாய்ந்து செல்லாமல், திரியில் ஊர்வதைப்போல் ஊர்ந்து செல்லும், வேட்டும் தாமதிக்கும். துளையைக் குத்தித் துப்புரவாக்க ஒரு கம்பியும், கெட்டித்த துப்பாக்கியைச் சும்மா வைத்திருக்கும்போது துளையில் செருக ஒரு பறவையிறகும் அவனிடம் இருந்தன. அளவும் பொறுமையும் கூடிய இந்தக் கிரியையை நான் ஒரு கலை என்றே சொல்வேன்.

சிப்பாய்க்கு அவ்வளவு அவகாசம் ஏது? காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, முதலில் கிண்ணத்தில் சிறிது கொட்டி மூடி, மிச்சத்தைக் குழலில் கவிழ்த்து, ரவையையும் காகிதத்தையும் சேர்த்து இடித்து, நிமிஷத்துக்கு மூன்று முறை சுட வேண்டும் என்பது அவனுக்கு இடப்பட்ட விதி. நடுங்கும் கையால் கிண்ணத்தில் எவ்வளவு விழுந்தது என்பதைப் பொறுத்துக் குழலில் விழும் மருந்தும் கூடிக் குறையும். அதனால் ரவையும் உயர்ந்தோ தாழ்ந்தோ போகும். இந்த ஒரு படியை மிச்சப்படுத்த விரும்பிய பிரஷ்யர்கள், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பற்றுவாயை உட்புறம் அகன்றும் வெளிப்புறம் குறுகியும் இருக்குமாறு கூம்பாக அமைத்தார்கள். குழலில் கொட்டிய மருந்தே துளை வழியாகச் சரிந்து கிண்ணத்தை நிரப்பிக்கொள்ளும். வேகம் கூடிற்று, கசிவும் கூடிற்று. குறிவைத்துச் சுடுவதைப் பெரிதாகக் கருதாத படைக்கு அது லாபமான பேரமாக இருந்திருக்கலாம். ஆனால் 1800-இல் எசக்கியேல் பேக்கருடைய ரைபிளைப் பெற்ற பிரிட்டிஷ் ரைபிள் படையினர், தோட்டாவோடு நேர்த்தியான மருந்தடங்கிய கொம்பையும் தாங்கிச் சென்று, சமயம் வாய்த்தபோதெல்லாம் வேடனைப்போலவே அளந்து கெட்டித்தார்கள். மெதுவாகச் சுட்ட இவர்களுடைய பெயரே அந்தக் காலத்துப் போர்களில் பிரசித்தி பெற்றது.

லண்டன் கம்மியர்கள் வேறு மார்க்கம் கண்டார்கள். 1787-இல் ஹென்றி நாக் காப்புரிமை பெற்ற அடிப்பாகத்தில், தீ முதலில் ஒரு சிற்றறையில் பற்றி, அங்கிருந்து பிரதான மருந்தின் நடுவிலே பாயும். மருந்து விரைந்து எரிவதால் நீண்ட குழலின் அவசியமும் குறைந்தது. துளை அரிபடுவதைத் தடுக்க, முதலில் தங்கத்தாலும் பின்னர் பிளாட்டினத்தாலும் அதற்கு உட்குழாய் இட்டார்கள். ஜோசப் மான்ட்டன் போன்றோர் செய்த துப்பாக்கிகளில் இந்த வேலையைக் காணலாம். ஆடம்பரமாக இழைத்த பொன் அன்று அது. உழைப்பதற்காக இழைத்த பொன்.

எவ்வளவு செம்மை செய்தும், கிண்ணம் வெளியே திறந்திருக்கும்வரை மழைக்கும் காற்றுக்கும் அது அடிமையே. ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் பாதிரியாரான அலெக்சாண்டர் பார்சைத், கிண்ணத்து ஒளியைக் கண்டே பறவைகள் தப்பிவிடுவதைப் பார்த்து, அடித்தால் வெடிக்கும் ரசாயன மருந்தைக் கொண்டு பற்றவைக்கும் முறைக்கு 1807-இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்த யந்திரத்தையும் சக்கிமுக்கியையும் 1834-இல் உல்விச்சில் எல்லாவித வானிலையிலும் ஆறாயிரம் வேட்டுகள் சுட்டுச் சோதித்தபோது, புதியது தவறியது 36 முறை. பழையது தவறியது 922 முறை.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1841 மே மாத இறுதியில், சீனத்துக் காண்டன் நகருக்கு வடக்கே ஸான்யுவான்லியில், 37-ஆவது சென்னைச் சுதேசிக் காலாட்படையின் ஒரு கம்பெனி பெருமழையில் வழிதவறி, ஈட்டி ஏந்திய ஆயிரக்கணக்கான கிராமத்தாரால் சூழப்பட்டது. சிப்பாய்களின் கையில் இருந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். நனைந்த மருந்தில் ஒன்றும் பற்றவில்லை. துப்பாக்கிமுனைக் கத்தியை மட்டும் நம்பிச் சதுர வியூகம் வகுத்து இரவுவரை நின்ற அவர்களை, புதிய யந்திரம் பூட்டிய துப்பாக்கிகளோடு வந்த கப்பற்படை வீரர்கள் மீட்டார்கள். அன்று தவறியவர்கள் அந்தச் சிப்பாய்கள் அல்லர். உல்விச்சின் முடிவை அறிந்தபிறகும் அவர்களைப் பழைய பற்றுவாயோடு கடல்கடந்து அனுப்பியவர்களே.