காட்டுப்பாதைக்கு வந்த தபால் மோட்டார் சைக்கிள்

போன வருசம் நாங்கள் மூன்று பேர் காசு சேர்த்து ஒரு பழைய எம்.டி. 90 வாங்கினோம். வடமராட்சி கிழக்கில் கடற்கரையை ஒட்டிப் போகிற மணல் பாதைகளில் ஓட வேணும் என்பதுதான் ஆசை. பெரிய 'ட்ரெயில்' மோட்டார் சைக்கிள் வாங்க எங்களிட்ட வசதி இல்லை. இணையத்தில் பார்த்துவிட்டு, பின் சில்லுக்குப் பெரிய பல்லுச் சக்கரம் போட்டால் மணலில் இழுக்கும் என்று முடிவெடுத்து, ஊர்க் கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்க இருந்த அண்ணைக்கு எழுபது வயதிருக்கும். நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு இரண்டே வசனம்தான் சொன்னார்.

"பின்னுக்குப் பெரிசு போட்டால் செயின் கவர் கழட்ட வேணும், பிறகு மணல் முழுக்கச் செயினிலதான். முன்னுக்கு ஒரு பல்லைக் குறையுங்கோ தம்பி, அது காணும்."

அன்றைக்கு இரவு கணக்குப் போட்டுப் பார்த்தோம். உதாரணத்துக்கு முன் சக்கரத்தில் 14 பல்லும் பின் சக்கரத்தில் 42 பல்லும் என்று வைத்தால் விகிதம் 3. பின்னுக்கு மூன்று பல்லுக் கூட்டி 45 ஆக்கினால் 3.21. பின்னைத் தொடாமல் முன்னுக்கு ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால் 3.23. கிட்டத்தட்ட ஒரே பலன்தான். செலவு குறைவு, கவரும் அப்படியே இருக்கும். இதை அவர் எங்க படிச்சவர் என்று கேட்டேன். "மூட்டை ஏத்துற ஆக்களுக்கு எத்தினை சைக்கிளுக்குச் செய்து குடுத்திருப்பம்" என்று சிரித்தார்.

முதன்முதலில் இப்படி யார் செய்திருப்பார்கள் என்று தேடத் தொடங்கினது அதுக்குப் பிறகுதான்.

காட்டிலும் மேட்டிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது நூறு வருசத்துக்கும் மேற்பட்ட பழக்கம். இங்கிலாந்தின் யோக்‌ஷயரில் ஸ்கொட் ட்ரையல் என்ற போட்டி 1914இல் தொடங்கியது. 1924இல் கம்பர்லி என்ற ஊருக்கு அருகில் நடந்த இன்னொரு போட்டியைத்தான் 'ஸ்கிராம்பிள்' வகைப் பந்தயங்களின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் காட்டுக்கென்று தனியாக மோட்டார் சைக்கிள் செய்கிற வழக்கம் இல்லை. வீதியில் ஓடுகிறதை எடுத்து, தேவையில்லாததைக் கழட்டி, பிடிப்பான ரயரைப் போட்டு ஓடினார்கள். அவை பாரமான இயந்திரங்கள். ஓட்டினவர்களும் பெரும்பாலும் பந்தயக்காரர்கள்.

சாதாரண ஆளுக்குக் காட்டுப்பாதையைத் திறந்துவிட்டது ஒரு சின்ன மோட்டார் சைக்கிள். 1958இல் யப்பானில் வெளிவந்த ஹொண்டா சூப்பர் கப். 49 கனசென்றிமீற்றர் எஞ்சின், கையில் பிடிக்கிற கிளச் கிடையாது, காலால் கியர் மாற்றினால் போதும். ஒரு கையில் நூடில்ஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேணும் என்று யோசித்துத்தான் சொய்சிரோ ஹொண்டாவும் அவருடைய பங்காளி தக்கேயோ புஜிசாவாவும் இதை உருவாக்கினார்கள் என்பது எல்லாரும் அறிந்த கதை. கடைப் பொடியனுக்கும் சாமான் கொண்டுபோகிறவனுக்கும் என்று செய்த வண்டி. காடு என்ற யோசினையே அதில் இல்லை.

1959இல் ஹொண்டா அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் கிளை திறந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருசத்தில் நடந்ததாக அந்த நிறுவனத்தின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற கதை இது. ஐடஹோ மாநிலத்தில் பொய்சி என்ற ஊர். மலையும் காடும் சூழ்ந்த இடம். அங்கே ஹேர்ப் ஊல் என்ற ஒரு விற்பனையாளர், லொஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஆறு விற்பனையாளர்கள் சேர்ந்து விற்றதை விடக் கூடுதலாக இந்தச் சின்ன மோட்டார் சைக்கிளை விற்றுக்கொண்டிருந்தார். எப்படி என்று பார்க்கப் போனால், அவர் அதை வந்தபடி விற்கவில்லை. பின் சில்லில் பல்லுக் கூடிய பெரிய சக்கரம், மண்ணைக் கவ்வுகிற கட்டைப் பூ ரயர், இவ்வளவையும் மாற்றி வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் செய்ததன் சூத்திரம் எளிது. பின் சக்கரத்தை 42 பல்லிலிருந்து 56 பல்லாக மாற்றினால் விகிதம் 3இலிருந்து 4 ஆகிறது. முன்பு மணிக்கு 60 கிலோமீற்றர் போன அதே எஞ்சின் சுற்றில் இப்ப 45தான் போகும். ஆனால் சில்லில் கிடைக்கிற இழுவை மூன்றில் ஒரு பங்கு கூடும். வேகத்தைக் குடுத்து இழுவையை வாங்குகிற பண்டமாற்று. வேட்டைக்காரனுக்கு மலைப்பாதையில் வேகம் தேவையில்லை, ஏறினால் போதும்.

ஹொண்டா இதைக் கவனித்தது. 1961இல் 'ட்ரெயில் 50' என்ற பெயரில் அதையே தொழிற்சாலையில் செய்து விற்கத் தொடங்கியது. பின் சில்லில் சின்னதும் பெரியதுமாக இரண்டு பல்லுச் சக்கரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வீதியில் சின்னதில் ஓடி, காட்டு வாசலில் நிப்பாட்டி, கொண்டுவந்த மேலதிகச் செயின் துண்டை இணைத்து, பெரியதுக்கு மாற்ற வேணும். திரும்பி வரும்போது மறுபடி கழட்ட வேணும். கையெல்லாம் கிறீஸ். 1960களின் பின்பகுதியில் 'ட்ரெயில் 90'இல் இதுக்கு ஒரு முடிவு வந்தது. எஞ்சினுக்குக் கீழே ஒரு சின்ன நெம்பு, அதை மாற்றினால் எல்லாக் கியரும் ஒரு படி கீழே இறங்கும். செயினைத் தொடத் தேவையில்லை. சுருக்கமாகச் சொன்னால், ஒரு கடைக்காரர் தன்ர ஊர் ஆக்களுக்காகச் செய்த மாற்றம் சில வருசத்துக்குள் தொழிற்சாலையின் வரைபடத்துக்குள் போய்விட்டது.

இதே குடும்பத்தில் இன்னொரு திருப்பம் இருக்கு. அந்த ட்ரெயில் வரிசையின் தொடர்ச்சியான சி.டி. 110 அவுஸ்திரேலியாவில் தபால்காரரின் மோட்டார் சைக்கிளாகப் பல வருசம் ஓடியது. தபால் சேவையிலிருந்து கழித்து விற்கப்பட்ட சிவப்பு வண்டிகளை வாங்கி, மறுபடி பாலைவனப் பாதைகளில் நெடும்பயணம் போகிறவர்கள் அங்கே இருக்கினம். யப்பானிலோ தபால் சேவைக்கென்று சூப்பர் கப் குடும்பத்தில் தனியாக ஒன்றைச் செய்தார்கள். 1971இல் வந்த எம்.டி. 90 அதுதான். வழமையான கப்பின் 17 அங்குலச் சில்லுக்குப் பதிலாக 14 அங்குலச் சில்லு, கடிதப் பை தாங்குகிற உறுதியான கரியர், சிவப்பு நிறம். அங்கே சேவை முடித்த பிறகு பாவித்த வண்டிகளாக இலங்கைக்கு வந்து சேர்ந்தவைதான் எங்கட அப்பாமாரும் மாமாமாரும் ஓடின 'எம்.டி. நைன்டி'. ஆசிரியர்மார், மீன் வியாபாரிகள், பால் சேகரிக்கிறவர்கள் என்று வடக்கில் அது ஏறாத ஒழுங்கை இல்லை.

இந்த இடத்தில் பொய்சியின் கதையும் எங்கட கதையும் பிரிகின்றன.

1990 யூனில் மறுபடி போர் தொடங்கினதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து என்று நீண்ட பட்டியல். யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இதை எங்கள் வீடுகளில் பகிடிக் கதையாகத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பின்னால் வெள்ளைப் புகை, முன்னால் மூக்கைப் பொத்துகிற சனம். அது எப்படி வேலை செய்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கராஜ் அண்ணையிட்டத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, அதனால் பற்றாது. எனவே ஒரு சின்னப் போத்தலில் பொன் மாதிரிப் பாதுகாத்து வைத்த பெற்றோலில் சில துளி காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேணும். வழியில் நின்றுபோய் எஞ்சின் ஆறிவிட்டால் மறுபடி பெற்றோல் துளி. மண்ணெண்ணெய் அழுத்தத்தில் நேரத்துக்கு முந்தி வெடித்து எஞ்சினைத் தட்டும். அழுத்தத்தைக் குறைக்க ஹெட்டுக்குக் கீழே கூடுதலாக ஒரு கேஸ்கற் வைத்தவை என்று அண்ணை சொன்னார். எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயிலும் கிடைக்காத காலம். பிளக் கரி பிடிக்கும், கழட்டிச் சுரண்டிப் போட வேணும்.

இது விளையாட்டுக்குச் செய்த மாற்றமில்லை. பிள்ளைத்தாச்சியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக, 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது கிழவியையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு நகர என்று செய்தது. ஐடஹோ வேட்டைக்காரனுக்குத் தெரிவு இருந்தது. எங்கட ஆக்களுக்கு இருக்கவில்லை. அதனால் இதை 'எங்கட ஆக்களின்ர கெட்டித்தனம்' என்று மட்டும் கொண்டாடிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. புகையைக் குடித்த சுவாசப்பைகளும் பாழாப்போன எஞ்சின்களும் அந்தக் கதைக்குள்தான் இருக்கின்றன.

ஆனாலும் ஒரு எஞ்சின் எதைத் தாங்கும், எங்கே உடையும், எதைக் குடுத்து எதை வாங்கலாம் என்ற அறிவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பொய்சிக்காரர் செய்ததைப் பார்க்க ஒரு நிறுவனம் ஆள் வைத்திருந்தது. அது ஒரு மாதிரி வண்டியாகி, பெயர் எழுதப்பட்டு, வரலாறாகிவிட்டது. எங்கட கராஜ்காரர் செய்ததை யாரும் வரைபடமாக்கவில்லை. அது அவர்களின் கையிலும் ஞாபகத்திலும்தான் இருக்கு. அந்தக் கைகளுக்கு இப்ப அறுபது, எழுபது வயது.

நாங்கள் எங்கட எம்.டி. 90ஐ என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உதவும் எண்டு நினைக்கிறேன். முன் சக்கரத்தில் ஒரு பல்லுக் குறைத்தோம். செயின் கவரைக் கழட்டவில்லை. 14 அங்குலத்துக்குக் கிடைத்த கட்டைப் பூ ரயரை எடுத்து, பின் பக்கம் போர்க்குடனும் பிறேம் கம்பியுடனும் உரசாமல் இடம் இருக்கா என்று சில்லைச் சுற்றிப் பார்த்த பிறகே பூட்டினோம். மணலில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் குறைக்கிறோம், தார் வீதிக்கு ஏறினதும் மறுபடி அடிக்கிறோம். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் ரியூப் வால்விடத்தில் கிழியும். இதைக் காசு குடுத்துத்தான் படித்தோம்.

பராமரிப்பில் முதல் எதிரி மணல். எயர் பில்டரின் பஞ்சு ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவி, காய வைத்து, ஒயில் தடவிப் பிழிந்துதான் போக வேணும். காய்ந்த பஞ்சு மணலைத் தடுக்காது, மணல் உள்ளே போனால் சிலிண்டரை அராவிவிடும். இரண்டாவது எதிரி ஒயில் குறைவு. சின்ன எஞ்சின், ஒரு லீற்றருக்கும் குறைந்த ஒயில். குறைந்த கியரில் உருமிக்கொண்டு போகும்போது அது கெதியாகக் கெடும், அதால நேரத்தோடையே மாற்றுகிறோம். உப்புத் தண்ணியில் இறங்கினால் வீட்ட வந்த உடன நல்ல தண்ணியால் கழுவி, பிறேக் டிரம்மைத் திறந்து துடைக்க வேணும். கம்பிகளை விரலால் தட்டிப் பார்த்தால் தளர்ந்தது சத்தத்திலேயே தெரியும். மண்ணெண்ணெய்க் காலத்தில் ஒயிலை விரலில் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அண்ணைக்கு இன்னும் போகவில்லை. எங்களுக்கும் இப்ப வந்திட்டுது.

கடைசியாக ஒன்று. ட்ரெயில் ஓட்டம் என்றால் மற்ற நாடுகளில் வீதியை விட்டு விலகிப் போகிற சுகம். எங்கட பக்கத்தில் பாதையை விட்டு விலகாதே என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தவை. முகமாலை போன்ற இடங்களில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கண்ணிவெடி எடுக்கிற வேலை பல வருசமாக நடந்த மண் இது. அதனால் நாங்கள் மாடும் உழவு இயந்திரமும் நெடுக ஓடித் தேய்ந்த பாதையில்தான் போகிறோம், அதையும் ஊர்ச் சனத்திட்ட கேட்டுவிட்டுத்தான். மணற்காட்டுப் பக்கம் மணல்மேட்டில் படர்ந்திருக்கிற கொடிகள்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதுக்கு மேலே சில்லை ஏற்றுவதில்லை.

இந்தக் கட்டுரைக்காக ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கி, கராஜ் அண்ணை சொன்னவற்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். எந்த மாடலுக்கு எந்த வண்டியின்ர சாமான் பொருந்தும், கேஸ்கற் கிடைக்காத காலத்தில் எதை வெட்டி வைத்தவை, பெற்றோல் போத்தலை எங்க ஒளிச்சவை. இப்போதைக்குப் பதினொரு பக்கம் வந்திருக்கு. முதல் நாள் "இதெல்லாம் எழுதி என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டவர், மூன்றாம் நாள் நான் போக முதலே கதிரையை இழுத்துப் போட்டிருந்தார்.

உங்கட ஊரிலும் அப்படி ஒருத்தர் இருப்பார். அடுத்த முறை பிளக் மாற்றப் போகும்போது கொஞ்ச நேரம் இருந்து கதைச்சுப் பாருங்கோ, கையோட ஒரு கொப்பியும் கொண்டு போங்கோ.