எனக்கு அப்போ கண்ணாடியே கிடையாது

பெரியம்மா 31 வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். ஒருநாள் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டேன், "டாக்டர் டோஸ் தப்பா எழுதிட்டா என்ன பண்ணுவீங்க?"

"தப்புன்னு சொல்லவே கூடாதுடா. கேஸ் ஷீட்ட நீட்டி, 'சார், என் கண்ணாடி சரியில்ல, இது அஞ்சா அம்பதான்னு ஒருதடவ பாத்துச் சொல்றீங்களா'ன்னு கேக்கணும். அவரே பாப்பாரு, அவரே திருத்திடுவாரு."

"நிஜமாவே கண்ணாடி சரியில்லையா?"

"எனக்கு அப்போ கண்ணாடியே கிடையாது."

ரொம்ப நேரம் சிரித்தோம். இருபது வருட அனுபவம் உள்ள பெண், நேற்று படிப்பை முடித்து வந்த ஹவுஸ் சர்ஜனை 'சார்' என்கிறார். அந்தப் பையனுக்கு அவர் 'சிஸ்டர்'. பெயரே கிடையாது.

இந்தக் கண்ணாடி நாடகத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. 1967இல் லியனார்ட் ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 'டாக்டர்–நர்ஸ் ஆட்டம்' என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டத்தின் முதல் விதி, வெளிப்படையாக முரண்படக்கூடாது. நர்ஸ் யோசனை சொல்லலாம், சொல்லியே ஆகணும். ஆனால் அது டாக்டருக்கே தோன்றியதுபோல இருக்க வேண்டும். நன்றாக ஆடினால் நல்ல நர்ஸ். நேராகப் பேசினால் திமிர் பிடித்தவள்.

இந்த ஆட்டத்தின் வேர் இன்னும் பழையது. 1854இல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களோடு கிரிமியப் போர்க்கால ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்த மருத்துவர்களுக்கு அவர்கள் வந்தது பிடிக்கவில்லை. மருத்துவர்கள் கேட்கும்வரை யாரும் நோயாளியைத் தொடக்கூடாது என்று நைட்டிங்கேல் தன் பெண்களுக்கு உத்தரவிட்டார். காயம்பட்டவர்கள் கூட்டம்கூட்டமாக வந்து சேர்ந்தபோது மருத்துவர்களே கூப்பிட வேண்டியதாயிற்று. அவரைப் பொறுத்தவரை அது உத்தி. உள்ளே நுழைய வேறு வழி இல்லை. ஆனால் அவர் பெயரில் 1860இல் லண்டனில் பயிற்சிப் பள்ளி தொடங்கி, அந்த முறை உலகமெங்கும் பரவியபோது, உத்தி ஒழுக்கமாகிவிட்டது. பெண்களுக்கு மருத்துவப் படிப்பின் கதவு பெரும்பாலும் மூடியிருந்த காலம் அது. ஆண் டாக்டர், பெண் நர்ஸ். வீட்டில் இருந்த வரிசை அப்படியே வார்டுக்கும் வந்தது.

இதற்கு என்ன விலை என்பதை 1966இல் சார்லஸ் ஹாஃப்லிங் என்ற மனநல மருத்துவர் சோதித்துப் பார்த்தார். வார்டுக்கு ஒரு போன் வரும். முன்பின் தெரியாத ஒரு 'டாக்டர்' 20 மில்லிகிராம் மருந்து கொடுக்கச் சொல்வார். டப்பாவிலேயே ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 என்று அச்சிட்டிருக்கும். மருந்தும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. போனில் உத்தரவு வாங்கவும் கூடாது. 22 நர்ஸ்களில் 21 பேர் கொடுக்கத் தயாரானார்கள். (டப்பாவுக்குள் இருந்தது வெறும் குளுக்கோஸ். கொடுக்கும் முன்பே தடுத்தும்விட்டார்கள்.) இதே நிலைமையைக் காகிதத்தில் எழுதி வேறு 12 நர்ஸ்களிடம் கேட்டபோது, 10 பேர் கொடுக்க மாட்டோம் என்றார்கள்.

ஆக, சரி எது என்று தெரியாமல் இல்லை. போனில் அந்தக் குரலைக் கேட்டதும், தெரிந்தது உதவவில்லை.

1977இல் ரேங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் இதைக் கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். இந்தமுறை நர்ஸ்களுக்கு நன்கு தெரிந்த மருந்து, வேலியம். சக நர்ஸ்களிடம் கலந்து பேசவும் வாய்ப்பு இருந்தது. 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கப் போனார்கள். கீழ்ப்படிவது பெண்ணின் இயல்பு என்றால் பக்கத்தில் ஒரு தோழி இருந்ததும் அது எங்கே போனது? 1990இல் ஸ்டைனே இன்னும் இருவரோடு சேர்ந்து மறுபடி எழுதினார்: நர்ஸ்கள் இந்த ஆட்டத்தை ஆடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று.

இதையெல்லாம் படித்தபோது என் டீமில் இருந்த ஒரு பெண் நினைவுக்கு வந்தார். என் கோடைப் பார்த்துவிட்டு எப்போதும் "ஒரு சின்ன டவுட்" என்றுதான் ஆரம்பிப்பார். நானும் பொறுமையாக விளக்குவேன். பாதி விளக்கத்தில் தவறு எனக்கே தெரியும், திருத்துவேன். நானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவேன். அவருக்கு டவுட்டே இருந்ததில்லை என்பது புரிய எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

போன வாரம் பெரியம்மாவிடம் மறுபடி கேட்டேன், "கண்ணாடி சரியில்லன்னு சொல்லியும் அவங்க பாக்கலன்னா?"

"ஒருதடவ அப்படி ஆச்சு. 'எழுதுனதப் போடுங்க சிஸ்டர்'னுட்டு போயிட்டாரு. நான் போடல. ராத்திரி முழுக்க அந்தப் பொண்ணு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். காலைல பெரிய டாக்டர் வந்து பாத்துட்டு, டோஸை மாத்தி எழுதுனாரு."

"அப்புறம்?"

"அவ நல்லாகி வீட்டுக்குப் போனா. எனக்கு மெமோ வந்துச்சு."

மெமோவுக்கு என்ன பதில் எழுதினார் என்று கேட்டேன்.

"கவனக்குறைவு, மன்னிக்கவும்னு எழுதிக் குடுத்தேன். வேற என்னத்த எழுதுறது?"