பன்னாட்டு உறவுகளின் வரலாறு கற்பித்தல்

நாடுகளிடையே நிகழ்ந்த போர், உடன்படிக்கை, வணிகம் ஆகியவற்றைக் காலவரிசையில் ஆராயும் பல்கலைக்கழகப் பாடம். வரலாறு, அரசறிவியல் ஆகிய இரு துறைகளுக்கும் உரியது. பன்னாட்டு அரசியலுக்கான முதல் பேராசிரியர் இருக்கை 1919இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் அமைந்தது. இந்தியாவில் 1955இல் தில்லியில் இத்துறைக்கெனத் தனிக் கல்வி நிறுவனம் தோன்றியது. ஐரோப்பியத் தலைநகரங்களோடு நின்றுவிடும் பாடத்திட்டம் முழுமையாகாது என்பதற்குத் தமிழ்நாட்டின் தீப்பெட்டி, பட்டாசு நகரான சிவகாசியே சான்று. 1922இல் இந்தியாவில் தீப்பெட்டி இறக்குமதி வரி ஒரு குரோசுக்கு (144 பெட்டிகள்) ஒன்றரை ரூபாயாக உயர்ந்தது. சுவீடன், ஜப்பான் சரக்குகளுக்கு எதிரே உள்ளூர்த் தொழில் வேரூன்றியது. இரண்டாம் உலகப்போர் பட்டாசு இறக்குமதியை முடக்கி, சிவகாசியில் பட்டாசு ஆலைகளுக்கு வழிதிறந்தது. இது பொருளியல் வரலாறே, அரசதந்திரம் அன்று என்ற மறுப்பு உண்டு. ஆயினும் வரி விதிப்பது அரசு; கடல்வழியை அடைப்பது போர். எனவே தீப்பெட்டியும் உடன்படிக்கையைப் போல் இப்பாடத்தின் மூல ஆவணமே.