தோட்டத்து வெள்ளியும் பாரிஸ் பேராசிரியரும்

1950-களில் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பொழுது விடிவது பெரட்டில்தான். ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ் எனப் பால்மரம் நின்ற இடங்களில் எல்லாம் ஒரே காட்சி. இருட்டு விலகும் முன்பே கிராணி புத்தகத்தோடு நிற்பார். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் வாளியும் கத்தியுமாக ஆணும் பெண்ணும் தத்தம் நிரையைப் பார்த்து நடப்பார்கள். மாலையில், படிக்கத் தெரிந்த ஒருவர் லயத்து வாசலில் அமர்ந்து 'தமிழ் நேச'னையோ 'தமிழ் முர'சையோ உரக்கப் படிப்பார். சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பார்கள்.

அப்படிக் கேட்ட செய்திகளில் ஒன்றுதான் உலகத் தமிழாராய்ச்சியின் வரலாற்றோடு இந்தத் தோட்டங்களைப் பிணைத்தது.

அப்போது மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்தியவியல் துறை ஒன்று தொடங்கப்படவிருந்தது. அதில் எந்த மொழிக்கு இடம்? பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் ஆலோசனை வடமொழிக்கே முதன்மை தருவதாகச் செய்தி பரவியது. 'தமிழ் முரசு' ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி சும்மா இருக்கவில்லை. இந்த மண்ணில் உள்ள இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள்; அவர்களின் மொழிக்குத்தான் அந்தத் துறையில் முதலிடம் என்று எழுதினார், கூட்டம் போட்டுப் பேசினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று பணம் சேர்ந்தது. கொடுத்தவர்களில் கடைக்காரர்கள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, துறைமுகத் தொழிலாளர்கள் உண்டு. தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள்.

பல்கலைக்கழக வாசலைக் கனவிலும் மிதித்திராத மக்கள் அவர்கள். பிள்ளைகளுக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டைத் தாண்டுவதே பெரும்பாடு. அந்த நிதி பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர உதவியது. 1956-ல் துறை பிறந்தது. தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது. பிறகு துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1961-ல் அதன் பேராசிரியர் பொறுப்பை ஏற்க வந்தவர் யாழ்ப்பாணத்துத் தீவகத்தைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அவர்தான் தனிநாயகம் அடிகளார்.

அடிகளார் வந்த பிறகு நடந்ததெல்லாம் வேகம். 1964 ஜனவரி 7-ஆம் நாள் புதுடில்லியில், கீழ்த்திசை அறிஞர்களின் 26-ஆவது அனைத்துலக மாநாட்டுக்கு வந்திருந்த தமிழறிஞர்கள் தனியாகக் கூடினார்கள். அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் அங்கேதான் உருவானது. அதன் தலைவராக அமர்ந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், ழான் பிலியோசா. செயலாளர்களாக இருவர்: ஒருவர் அடிகளார், மற்றவர் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரைச் சேர்ந்த கமில் சுவெலபில்.

இந்த அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அது பனிப்போர்க் காலம். ஐரோப்பாவை இரும்புத்திரை இரண்டாகப் பிரித்திருந்தது. பாரிஸ் ஒரு பக்கம். பிராகும் வார்சாவும் மறுபக்கம். இந்தப் பக்கத்துப் பேராசிரியர் அந்தப் பக்கத்துப் பேராசிரியரோடு ஒரு மேசையில் அமர்ந்து வேலை செய்வது அன்று எளிதல்ல. அப்படி அமர்ந்தபோது அவர்களுக்கு நடுவே இருந்தது ரஷ்ய மொழியோ ஜெர்மன் மொழியோ அல்ல, தொல்காப்பியமும் சங்க இலக்கியமும்.

பிலியோசா அடிப்படையில் கண் மருத்துவர் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். மருத்துவத் தொழிலையும் பார்த்துக்கொண்டே சமஸ்கிருதம், திபெத்திய மொழி, தமிழ் என்று கற்றவர். புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்த பிறகு, 1955-ல் அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எழுந்ததும் அவர் தலைமையில்தான். அந்த நிறுவனத்தின் முதல் வெளியீடு காரைக்கால் அம்மையாரின் பாடல்கள். பின்னாளில் அங்கிருந்து பிரான்சுவா குரோ 1968-ல் பரிபாடலைப் பிரெஞ்சில் கொண்டுவந்தார்.

பிரெஞ்சுக்காரர்களுக்குத் தமிழோடு இருந்த உறவு பழையது. 19-ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியில் பணியாற்றிய ஏரியல் குறளின் பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்தார். ஜூல் பிளாக் 1946-ல் திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பைப் பற்றி எழுதிய நூல் மொழியியலாளர்கள் மத்தியில் பெயர் பெற்றது. போலந்தின் கதை வேறு. அந்த நாட்டுக்குத் தமிழ் மண்ணில் ஆட்சியும் இல்லை, வணிகமும் இல்லை. ஆனாலும் உமாதேவி என்று பெயர் மாற்றிக்கொண்ட வாண்டா தினோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி சென்னையில் போலந்து-இந்திய நூலகம் என்று ஒரு பதிப்பு முயற்சியை நடத்தி, 1958-ல் திருக்குறளைப் போலிஷ் மொழியில் வெளியிட்டார். 1977-ல் போதான் கெம்பார்ஸ்கியின் இன்னொரு மொழிபெயர்ப்பு போலந்திலேயே வந்தது. தமிழ் கற்பித்த ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வார்சாவும் ஒன்று. ஆதாயம் எதுவும் இல்லாமல் ஒரு மொழியைத் தேடி வருவதில் தனி அழகு உண்டு.

டில்லியில் பிறந்த மன்றத்துக்கு முதல் மாநாட்டை நடத்தும் இடம் எது? தமிழ்நாடு இருந்தது, இலங்கை இருந்தது. அடிகளார் கோலாலம்பூரைத் தேர்ந்தெடுத்தார். துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமராக இருந்த காலத்தில், 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடியது. பல நாட்டு அறிஞர்கள் வந்தார்கள். அதே ஆண்டு அடிகளார் இன்னொரு காரியமும் செய்தார். அந்தாம் தெ புரோவென்சா என்ற போர்த்துகீசியப் பாதிரியார் தொகுத்து, 1679-ல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதியின் பிரதி ஒன்று வாத்திகான் நூலகத்தில் இருந்தது. அதை அப்படியே படியெடுத்துக் கோலாலம்பூரில் வெளியிட்டார். ரோமாபுரியில் உறங்கிய தமிழ்ச் சொற்கள் பந்தாய் பள்ளத்தாக்கில் விழித்தன!

அடுத்து 1968-ல் சென்னை. 1970-ல் பிலியோசாவின் பாரிஸ். தோட்டத்து லயத்தில் கொடுத்த ஒரு வெள்ளி கோலாலம்பூர் வழியாகப் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொன்னால் அதில் மிகை அதிகம் இல்லை.

கதையின் மறுபக்கமும் உண்டு. 1966-ல் அறிஞர்கள் கோலாலம்பூரில் கூடியபோது, அங்கிருந்து தெற்கே சிரம்பானை நோக்கி ஒரு மணி நேரம் பயணம் செய்தால் தோட்டங்கள். அங்கே பல ஊர்த் தமிழ் ஒன்றாகக் கலந்து புதிதாக ஒரு தமிழ் பேசப்பட்டுக் கொண்டிருந்தது. சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த மக்கள் ஒரே லயத்தில் குடியிருந்தார்கள். பக்கத்தில் தெலுங்கர் இருந்தார்கள், மலையாளிகள் இருந்தார்கள். தோட்டத்துக்கு வெளியே, தாய்வழி மரபான அடாட் பெர்பத்தேயைப் போற்றும் மலாய்க் கம்பங்கள். பட்டணத்தில் சீனர் கடைகள். இவ்வளவும் சேர்ந்த இடத்தில் மொழி சும்மா இருக்குமா?

'கித்தா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ரப்பர் என்பார்கள். நம் தோட்டங்களில் கித்தா. மலாய் மொழியின் 'கெத்தா'தான் மூலம். தமிழ் நாக்கு அதன் முதல் உயிரொலியை இகரமாக்கியது, கடைசி மூச்சொலியை உதறியது, நடுவில் தகரத்தை இரட்டித்துக்கொண்டது. எந்தப் புலவரும் உட்கார்ந்து விதி சொல்லவில்லை. ஆனால் இலக்கணம் தெரியாத மக்கள் தமிழின் ஒலி இலக்கணத்தைப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார்கள். 'லயம்' ஆங்கில 'லைன்' என்ற சொல்லின் பிள்ளை. இசையோடு தொடர்புடைய பழைய தமிழ்ச் சொல்லின் உருவத்தில் ஒளிந்துகொண்டதால் பலருக்கு அது தெரிவதில்லை. 'பெரட்டு' ஆங்கிலப் 'பரேட்' என்பார்கள். வட இந்திய 'சடக்' இங்கே 'சடக்கு' ஆகிச் சாலையைக் குறித்தது. மரத்தில் பால் பிடிக்கும் 'மங்கு', மறுநாள் சுரண்டி எடுக்கும் 'ஒட்டுப்பால்', பிள்ளைகளை விட்டுப் போகும் 'ஆயாக்கொட்டகை' என்று இந்தப் பட்டியல் நீளும்.

இந்தத் தமிழை ஐரோப்பியர் எவரும் அறியவில்லை என்று சொல்ல முடியாது. துரைமார்கள் அறிந்தார்கள். 1919-ல் தொடங்கிய தோட்டத் துரைமார் சங்கம் தமிழில் தேர்வே வைத்தது. பிரெஞ்சுக்காரர் ஆன்றி போக்கோனியே 1905-ல் மலாயா வந்து, தமிழும் மலாயும் பழகி, சிலாங்கூரில் தோட்டம் போட்டார். பிறகு மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. ஆனால் துரைமார் கற்ற தமிழில் மிகுதியாக இருந்தது ஏவல். வா, போ, வெட்டு, தூக்கு. வேலை வாங்கப் போதுமான தமிழ் அது.

அறிஞர்கள் கற்றதோ குறுந்தொகை, பரிபாடல், கல்வெட்டு. உயர்ந்த காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் இல்லாவிட்டால் உலகப் பல்கலைக்கழகங்களில் தமிழுக்கு இன்றுள்ள மரியாதை வந்திருக்காது. இருந்தாலும் துரைமாரின் ஏவலுக்கும் அறிஞர்களின் சங்கத் தமிழுக்கும் நடுவில், வெள்ளி கொடுத்தவனின் தமிழ் அதிகம் கவனிக்கப்படாமல் போய்விட்டது. ரவீந்திர ஜெயின் 1970-ல் வெளியிட்ட நூல் தோட்டத்துச் சமூக வாழ்வை விரிவாகப் பதிவு செய்தது. அமெரிக்கரான ஹரால்டு ஷிப்மன் பின்னாளில் மலேசியத் தமிழரின் மொழி நிலையை ஆராய்ந்தார். இப்படிச் சில முயற்சிகள் உண்டு. மாநாட்டு மலர்களின் பருமனோடு ஒப்பிட்டால் இவை கைப்பிடி அளவு.

இதற்குள் தோட்டங்களே போய்விட்டன. 1950-களில் தொடங்கிய துண்டாடல் முதல் அடி. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. நீலாயிலும் செண்டாயானிலும் நிரை பிடித்து மரம் வெட்டிய நிலத்தில் இன்று வரிசை வீடுகளும் நெடுஞ்சாலைகளும் நிற்கின்றன. தோட்டத்தின் பெயரைச் சுமந்த தமிழ்ப்பள்ளிகளில் சில பட்டணத்துக்கு இடம் மாறிவிட்டன. பெயர்ப்பலகையில் மட்டும் 'லாடாங்' என்ற சொல் மிச்சம் இருக்கிறது.

உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1987-லும் 2015-லும் 2023-லும் மறுபடி கோலாலம்பூருக்கு வந்தது. 1966-ல் நாற்பது வயதில் பெரட்டுக்கு நின்றவர்களில் 2023-ல் இருந்திருக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. அன்று ஆயாக்கொட்டகையில் விடப்பட்ட குழந்தைகளுக்கு இப்போது அறுபது வயது. கித்தா, மங்கு, ஒட்டுப்பால் என்ற சொற்களை வேலையோடு சேர்த்து அறிந்த கடைசித் தலைமுறை அவர்கள்தான். சிரம்பானிலும் போர்ட்டிக்சனிலும் தாமான் வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். காலையில் 'பசியாறியாச்சா' என்று கேட்கிறார்கள். பேரப்பிள்ளை 'பிரேக்பாஸ்ட்டா, பாட்டி?' என்று திருப்பிக் கேட்கிறது.