முன்சீப் எழுதிய கல்யாணக் கதை

ஐயப்பன்தாங்கலில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடிக்குப் போன மாதம் பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஒரே பெண். பெரியவர் ஒருத்தர் கூட இருந்தால் நல்லது என்று என்னையும் கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். ஜாதகம், சம்பளம், கேசரி, பஜ்ஜி எல்லாம் நல்லபடியாகவே போனது. பெண்ணின் அப்பா அதோடு சும்மா இருந்திருக்கலாம். "ரெண்டாவது மாடியில ஒரு வீடு காலியாகுது. கல்யாணத்துக்கப்புறம் மாப்பிள்ளை இங்கேயே இருந்துக்கலாமே, சம்பந்தி" என்றார்.

பையனின் அப்பா பாதி குடித்த காபியை டபராவில் வைத்தார். "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்." இன்றுவரை சொல்லவில்லை.

படி இறங்கும்போது எனக்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ஞாபகம் வந்தது. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சானது. அதில் பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் பேசிய கல்யாணம் இடறுவதும் இதே கல்லில்தான். பெண் வீட்டார் மாப்பிள்ளையைத் தங்களோடு வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். பிள்ளையைப் பெற்றவருக்கு ரோஷம் வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் சொத்துக்குக் குறைவில்லை, பிள்ளைகளுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம். ஆனாலும் பேச்சு முறிகிறது. பெண்ணைப் பெற்றவரின் பெயரே சம்பந்தி முதலியார் என்பது முன்சீப்பின் குறும்பு.

முன்சீப் என்று சொன்னது அவருடைய உத்தியோகத்தை. 1826இல் திருச்சிக்குப் பக்கத்துக் குளத்தூரில் பிறந்தவர். கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சீர்காழி, மாயூரம். கடைசியாகச் சொன்ன ஊர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1805 முதல் 1861 வரையிலான மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைச் சுருக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்று தமிழில் கொண்டுவந்தார். தமிழ் நாவலின் கரு அந்தத் தடித்த சட்டப் புத்தகத்தில்தான் ஊறியது என்பது என் எண்ணம். பாகப்பிரிவினை, தத்து, சீதனம், அடமானம் என்று குடும்பங்கள் உடையும் சத்தத்தை வசனத்தில் எழுதிப் பழகிய கை அது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவருக்கு நெருங்கிய நண்பர். இவரையே பாட்டுடைத் தலைவனாக வைத்துக் குளத்தூர்க் கோவை பாடினார். கோவை என்றால் காதல்தான்: தலைவன் தலைவியைக் காண்பான், தோழி நடுவில் நிற்பாள், பகற்குறி, இரவுக்குறி, உடன்போக்கு என்று துறைகள் வரிசையாக வரும். தலைவனுக்குச் சொந்த வீடு உண்டா என்று எந்தத் துறையிலும் ஒருவரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட காதல் நூலுக்குத் தலைவனாக நின்றவர், காதலுக்கு நடுவில் இரண்டு அப்பாக்களை உட்காரவைத்துப் பேரம் பேசவிட்டார். நாவல் பிறந்த நாழிகை எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

கிட்டத்தட்ட அதே காலத்தில், 1871-72இல், இங்கிலாந்தில் ஜார்ஜ் எலியட் 'மிடில்மார்ச்' எழுதிக்கொண்டிருந்தார். அதுவும் கற்பனையான ஒரு சிற்றூரின் கதைதான். லாடிஸ்லா என்ற இளைஞனைக் கட்டிக்கொண்டால் நாயகி டோரத்தியாவுக்குச் சொத்து கிடையாது என்று கிழட்டுப் புருஷன் உயிலில் எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போகிறான். இரண்டு கதையும் எழுதப்பட்டது விக்டோரியா மகாராணியின் ஆட்சியில். இரண்டு ஊரிலும் பிரியத்துக்குக் குறுக்கே நிற்பது ஒரு கணக்கு.

அந்தஸ்து என்றால் என்ன என்பதற்கு முன்சீப் ஒரு சின்னக் காட்சி வைத்திருக்கிறார். பிரதாபன் பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை. அவன் பாடத்தில் தப்பு செய்தால் அவன்மேல் பிரம்பு விழாது. கூடப் படிக்கிற, ஏழை வீட்டில் வளரும் கனகசபையின் மேல் விழும். எழுதியவர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. ஞானாம்பாள் இந்தச் செல்லப்பிள்ளையைவிட நன்றாகப் படிக்கிறாள். இவள்தான் அவனை மனிதனாக்குகிறாள். 'பெண்மதி மாலை' பாடி, பெண்கள் படிக்க வேண்டும் என்று சொல்லிவந்தவரின் நாயகி வேறு எப்படி இருப்பாள்!

எலியட் தன் கதை நடக்கும் ஊரை விட்டு அதிகம் நகரவில்லை. பிள்ளைவாள் நகர்ந்துவிட்டார். பிற்பாதியில் பிரதாபன் வழிதவறி வேற்று நாட்டில் மாட்டிக்கொள்கிறான். ஆண் வேடத்தில் தேடிப்போகும் ஞானாம்பாளை யானை பொறுக்கியெடுக்க, அவள் விக்கிரமபுரியின் ராஜாவாகிவிடுகிறாள். விமர்சகர்கள் இங்கேதான் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒரே ஊரில், ஒரே வீட்டின் சண்டையோடு நின்று எழுத, 1893இல் 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திரம்' தொடங்கிய ராஜமையர் வரவேண்டியிருந்தது. ஆனால் தமிழ் ஊரில், தமிழ் நீதிபதி முன்னால், தமிழ் வக்கீல் ஏன் இங்கிலீஷில் வாதாட வேண்டும் என்று கேட்கிற கேள்வியும் இந்தப் பிற்பாதியில்தான் வருகிறது. சிங்காசனத்தில் ஒரு பெண்ணை ஏற்றாமல், உத்தியோகத்தில் இருந்து பழகிய ஒருவர் அதை எங்கே போய்க் கேட்பார்? அதற்காகவே அந்த யானையை நான் மன்னித்துவிடுகிறேன்.

மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொண்டுவந்தாள். எப்படி இருந்தது என்றேன்.

"அவளுக்கு யானையாவது வந்துச்சு அங்கிள். நம்ம பக்கம் போரூர் சிக்னலைத் தாண்டி எது வருது?" என்றாள்.