பொது மீட்டர் யாருடைய பொறுப்பு?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் ஆலையும், ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. ஆலைகளைத் தொடர்ந்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றில் பல வீடுகள் முதலீடாக வாங்கப்பட்டவை. உரிமையாளர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார். ஆலையில் பணிபுரியும் குடும்பம் வாடகைக்குக் குடியிருக்கிறது. இக்குடியிருப்புகளின் மின்செலவு குறையாமல் இருப்பதற்கான காரணத்தை இந்த ஏற்பாட்டில்தான் தேட வேண்டும்.

அடுக்குமாடியில் வசிப்பவர் இரண்டு மீட்டர்களுக்குப் பணம் செலுத்துகிறார். முதலாவது, வீட்டு மீட்டர். அதில் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது, மின்தூக்கி, நீரேற்றும் மோட்டார், நடைவழி விளக்குகள் ஆகியவற்றுக்கான பொது மீட்டர். இதற்கும் முன்பு வீட்டுக் கட்டணமே பொருந்தியது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுப் பயன்பாட்டைத் தனிப் பிரிவாக்கி, யூனிட்டுக்கு 8 ரூபாய் என நிர்ணயித்தது. 2024 ஜூலையில் அது 8 ரூபாய் 55 காசாக உயர்ந்தது. பத்து வீடுகளுக்கு மிகாமலும், மூன்று மாடிகளுக்கு மிகாமலும், மின்தூக்கி இல்லாமலும் உள்ள குடியிருப்புகளுக்கு மட்டும் 2023 நவம்பர் முதல் இக்கட்டணம் 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது.

பொது மீட்டரின் சுமை பராமரிப்புக் கட்டணத்துக்குள் மறைந்து குடியிருப்பவரைச் சேர்கிறது. அதைக் குறைக்கத் தேவையான முதலீட்டை உரிமையாளர்தான் செய்ய வேண்டும். ஆனால், சேமிப்பின் பயன் வாடகைதாரருக்குப் போகும் என்பதால் அவருக்கு ஆர்வமில்லை. ஓராண்டில் வீடு மாறிவிடக்கூடிய வாடகைதாரரும் பிறர் சொத்தில் பணம் போட முன்வருவதில்லை. செலவழிப்பவர் ஒருவர், பயனடைபவர் மற்றொருவர் என்றால் லாபகரமான முதலீடும் நடக்காது. இது பொருளியலின் பழைய பாடம்.

அந்த முதலீடு எவ்வளவு லாபகரமானது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். ஒரு வளாகத்தில் 100 பழைய குழல்விளக்குகள் நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிவதாகக் கொள்வோம். சோக்குடன் சேர்த்து ஒவ்வொன்றும் சுமார் 50 வாட் எடுத்தால், ஒரு நாளைக்கு 60 யூனிட் செலவாகும். 20 வாட் எல்இடி விளக்குகளுக்கு 24 யூனிட் போதும். நாளொன்றுக்கு 36 யூனிட் வீதம், 8 ரூபாய் 55 காசு கணக்கில் மாதத்துக்கு ஏறத்தாழ 9,200 ரூபாய் மிச்சமாகும். விளக்கு ஒன்று 300 ரூபாய் என்றாலும் நான்கு மாதங்களுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும்.

அடுத்தது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து கீழ்த்தொட்டிக்கும், அங்கிருந்து மேல்தொட்டிக்கும் நீர் இரண்டு முறை ஏற்றப்படுகிறது. ஆயிரம் லிட்டரை 30 மீட்டர் உயர்த்த இயற்பியல் கணக்குப்படி 0.08 யூனிட் போதும். தேய்ந்த மோட்டார் அதைப் போல் இரண்டரை மடங்குக்கு மேலும் எடுக்கக்கூடும். தொட்டி நிரம்பி வழியும்போது வழிவது மின்சாரமும்தான். தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி அதிக விலையுடையதன்று.

மூன்றாவது, நிலைக்கட்டணம். இது பொது இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட கிலோவாட் அளவைப் பொருத்தது. கட்டுமான நிறுவனம் தொடக்கத்தில் கேட்டுப் பெற்ற அளவு உண்மைத் தேவையைவிட மிகுதியாக இருந்தால், பயன்படுத்தாத திறனுக்கும் பணம் போகிறது. மின்வாகன மின்னேற்றம் போன்ற வருங்காலத் தேவைகளையும் கணக்கிட்ட பின்னரே அதைக் குறைக்க விண்ணப்பிக்க வேண்டும்.

ஜெனரேட்டர் மிகவும் விலையுயர்ந்த மின்சாரம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் மூன்று யூனிட்டே கிடைக்கும். எரிபொருள் செலவு மட்டுமே யூனிட்டுக்கு 30 ரூபாயை நெருங்கும். மின்தூக்கி, மோட்டார், அவசர விளக்குகள் ஆகியவற்றோடு அதை நிறுத்திக்கொள்வதே முறை.

இவற்றுக்குப் பிறகே சூரிய மின்சாரம் வர வேண்டும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், குடியிருப்பு நலச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில் 500 கிலோவாட் வரை இது பொருந்தும். ஒரு கிலோவாட் தகடு தமிழ்நாட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும்; நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். மோட்டார்களை நண்பகலில் இயக்கினால் அந்த மின்சாரம் வளாகத்துக்குள்ளேயே பயன்படும். விரயத்தைக் குறைக்காமல் தகடு பொருத்துவது, ஓட்டைக் குடத்துக்காகக் கிணற்றை ஆழப்படுத்துவது போன்றது.

இனி, யார் செய்வது? 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், உரிமையாளர் சங்கத்துக்குச் சட்டப்படியான இடத்தை அளிக்கிறது. சங்கம் தனது மூலநிதியிலிருந்து முதலீடு செய்யட்டும். கிடைக்கும் சேமிப்பைக் கொண்டு அந்த நிதி முழுமையாகத் திரும்பும் வரை பராமரிப்புக் கட்டணம் மாறாதிருக்கட்டும். அதன்பின் கட்டணத்தைக் குறைக்கலாம். உரிமையாளரின் நிதி குறையாது. வாடகைதாரருக்கும் பலன் கிட்டும். ஒவ்வொரு முறையும் பொது மீட்டரின் யூனிட் அளவை அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பது இதன் முதல் படி. வாடகைதாரர்களும் அந்தக் கணக்கைக் கேட்கலாம்.

அரசும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஆறே வீடுகள் கொண்ட கட்டடத்தில் மாடியேற இயலாத முதியவருக்காக மின்தூக்கி பொருத்தினால், கட்டணச் சலுகை பறிபோகிறது. மின்தூக்கியை வசதியின் அடையாளமாகக் கொள்ளாமல், ஒரு வீட்டுக்கு எத்தனை பொது யூனிட் செலவாகிறது என்பதை அளவுகோலாகக் கொண்டால், முதுமைக்கு அபராதம் விதிக்காமல் சிக்கனத்துக்கு வெகுமதி அளிக்க முடியும்.